டீசல் வகுப்பில் எங்கள் பிக்கப்

எங்கள் வீட்டில் விதிகளை வாசிப்பது என்னுடைய வேலை. கவுன்சில் கடிதம், கடைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் விட்டுப்போகும் தாள், எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை எடுப்பார்கள் என்ற அறிவித்தல், எல்லாம் சுற்றிச் சுழன்று என் கைக்குத்தான் வந்து சேரும். என் கணவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. விதி என்று தலைப்பிட்ட எதைக் கண்டாலும் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும், அவ்வளவுதான்.

அதனால், வேகப் பந்தயத்துக்கு எந்த வாகனம் தகுதி, எது தகுதி இல்லை என்று சொல்லும் ஒரு கட்டுத் தாளை மகள் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டபோது, அவர் அதைத் திறந்தும் பார்க்காமல் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்னப்பா இது?" என்றேன்.

"வாசியுமன்" என்றார், சோற்றைக் குழைத்துக்கொண்டு.

மகள்தான் விளக்கம் சொன்னாள். அவள் பேசுவது ஆங்கிலம். அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழ். லண்டனுக்கு வடக்கே ஒரு பழைய விமானத் தளத்தின் ஓடுபாதையில் கோடை காலத்தில் இந்தப் பந்தயம் நடக்குமாம். ஒருவரோடு ஒருவர் முட்டி மோதுகிற ஓட்டம் இல்லை. நேரான பாதையில் ஒவ்வொரு வாகனமாகத் தனியே ஓட வேண்டும். முடிவில் ஒரு கருவி வேகத்தை அளக்கும். அந்த வேகத்தை ஒரு தாளில் அடித்துத் தருவார்கள். கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் தனித்தனி வகுப்பு உண்டு. டீசல் ட்ரக்குகளுக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. எங்கள் கடை பிக்கப்பை அதில் ஓட்டப் போகிறார் அப்பா.

எனக்கு வந்த கோபத்தில் கறிச் சட்டியை அடுப்படிக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெம்பிளியில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் விற்கிற மனிதருக்கு என்ன விசர் என்று அங்கே நின்று சத்தமாகவே கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் இது எனக்குத் தெரியாமல் பேசி முடித்த விஷயம் என்று விளங்கியது. ஏன் என்பதும் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது.

அந்த வசந்தத்தில் அவருடைய கண் விஷயம் உறுதியாகியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நேரே பார்ப்பதில் குறை இல்லை, கடைக்குள் நின்றே எதிர்த் தெருப் பலகையை வாசிப்பார். ஓரங்கள்தான் மெல்ல மெல்ல அழிகின்றன. லைசென்ஸ் கொடுக்கும் திணைக்களத்துக்கு நான்தான் எழுதி அறிவித்தேன். அவர்கள் கேட்ட பரிசோதனையைச் செய்து, மயிரிழையில் தப்பினார். அடுத்த பரிசோதனை பனிக்காலத்துக்கு முன்னால். அதிலும் தப்புவார் என்று நம்பியிருக்க வேண்டாம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார், கடையைத் திறந்தார். மற்ற ஆண்களுக்கு இது எப்படியோ தெரியாது. இவருக்கு லைசென்ஸ் என்பது வேறு சாமான். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க வாகனம் ஓட்டுகிற உரிமை இவருக்கு இருக்கவில்லை. முகாம் யன்னலால் நெடுஞ்சாலை தெரியுமாம். லொறிகள் போவதைப் பார்த்துக்கொண்டே பல வருடங்களைக் கழித்ததாகக் கலியாணம் முடித்த புதிதில் ஒரு தடவை சொன்னார். லண்டனுக்கு வந்து விசா கிடைத்த நாளில் சிரிக்காத மனிதர், லைசென்ஸ் வந்த நாளில் தெருவெல்லாம் லட்டுக் கொடுத்தார். போட்டிருந்த சேட்டுப் பையில் அதை வைத்துக்கொண்டு படுத்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்த லைசென்ஸ் கையில் இருக்கும்போதே, தன்னுடைய பிக்கப்பில், சட்டப்படி மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட வேண்டும். இந்த நாட்டில் எந்தத் தெருவிலும் அது சட்டப்படி முடியாது. அந்த ஓடுபாதையில் முடியும். இது தெரிந்த பிறகு நான் கறிச் சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். தாள்கட்டையும் எடுத்தேன்.

தகுதி விதிகளை வாசிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். அரசாங்கம் தரும் பெனிபிட் காசுக்குத் தகுதி, கவுன்சில் வீட்டுக்குத் தகுதி, தங்கையை இந்த நாட்டுக்குக் கூப்பிடத் தகுதி, எவ்வளவோ வாசித்து, வாசித்த இடத்திலேயே எரிந்து விழுந்திருக்கிறேன். ட்ரக்குகளுக்கு எழுதிய விதி அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. மனிதருக்கு விதி எழுதுகிறவர்கள் இவர்களிடம் வந்து கொஞ்ச நாள் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் விதி, எது ட்ரக் என்பது. தொழிற்சாலையில் இருந்தே சாமான் ஏற்றும் வாகனமாக வெளிவந்து, யாரும் கடையில் வாங்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். காரை வாங்கி முதுகை வெட்டிவிட்டு ட்ரக் என்று சொல்ல ஏலாது. பின்னால் சாமான் பெட்டி அப்படியே இருக்க வேண்டும். அதன் பின்கதவும் பூட்டியபடி இருக்க வேண்டும். கதவைக் கழற்றினால் காற்று வேறு விதமாகப் போகுமாம்.

அடுத்தது எஞ்சின். டீசல் எஞ்சின், டீசல் எண்ணெய், வேறு ஒன்றும் கலக்கக்கூடாது. வேகம் கூட்டச் சிலர் சமையல் வாயுவைப் போன்ற ஒன்றை எஞ்சினுக்குள் விடுவார்களாம். அதைச் செய்தால் வேறு வகுப்பு. எண்ணெய்த் தாங்கியின் மூடிக்கு அவர்கள் முத்திரை வைப்பார்கள். நான் இதை வாசித்ததும் இவர் முகம் மலர்ந்துபோனது. மாற்றம் செய்யாத சாதாரண வகுப்புக்கு எங்கள் பிக்கப்பை விடப் பொருத்தமானது இங்கிலாந்திலேயே இருக்காது என்றார். பழைய டீசல் வாகனங்களுக்குக் காசு அறவிடும் லண்டன் புகை விதிக்கும் கடைசி நேரத்தில் தப்பிய வருடத்தில் செய்த வாகனம் அது. விதிகளுக்குத் தப்பிப் பழகியது.

சண்டை வந்தது வேறொரு மூடியால். சாமான் பெட்டிக்கு மேலே போடவென்று ஸ்ட்ரெதமில் இருக்கும் ஒரு கராஜ்காரரிடம் சொல்லி, அலுமினியத்தில் ஒரு மூடி செய்வித்து வைத்திருந்தார். மழைக்கு மரக்கறி நனையாது, பந்தயத்தில் காற்றும் வழுக்கிக்கொண்டு போகும் என்று கணக்கு. நான் விதியைக் காட்டினேன். தொழிற்சாலையில் இருந்து வராத மூடி போட்டால் அது மாற்றம் செய்த வாகனம், அந்த வகுப்பில் பெரிய பெரிய ட்ரக்குகள் புகை கக்கிக்கொண்டு நிற்கும்.

"மழைக்குப் போட்ட மூடி எண்டு சொல்லுவம்" என்றார்.

"சொல்லுங்கோ. நான் வரமாட்டன்."

"உமக்கு எல்லாத்துக்கும் உந்தச் சட்டம்."

"சட்டத்தை என்னட்டைத் தந்தது ஆர்?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தானே மூடியைக் கழற்றிக் கடையின் பின்பக்கம் சாய்த்து வைத்தார். பிறகு புது ரயர் போட்டோம், தீயணைக்கும் சிலிண்டரை ஆசனத்துக்குப் பக்கத்தில் ஆணி போட்டு இறுக்கினோம், தலைக்கவசம் வாங்கினோம். அவருடைய தலைக்கு ஏற்ற அளவைத் தேடுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பந்தயம் நடத்துகிறவர்கள் ஓட்டுநரிடம் கேட்டது செல்லுபடியாகும் லைசென்ஸ் ஒன்றைத்தான். அது அவரிடம் இருந்தது. கண்ணைப் பற்றி நான் நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்து, பாதை நேர்தானே, எதிரே ஒருவரும் வரமாட்டார்கள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பந்தய நாள் விடியப்புறமே கிளம்பினோம். மகளுக்கு வேலை, வரவில்லை. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் வழக்கம்போல அவர்தான் ஓட்டினார், நான் பக்கத்து ஆசனத்தில் நித்திரையாகிவிட்டேன். கண் விழித்தபோது சுற்றிவர வயல், முன்னால் வரிசையாக வாகனங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ட்ரக்கின் சில்லு என் இடுப்பளவு இருந்தது. அதன் சொந்தக்காரர் வந்து எங்கள் பிக்கப்பைச் சுற்றிப் பார்த்து, கதவில் எழுதியிருந்த கடைப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்து, நல்ல வாகனம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்டலாகச் சொல்லவில்லை. இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தகுதி பார்க்க வந்தவர் ஒரு பெண். நல்ல உயரம், நல்ல மரியாதை, ஆனால் அசைக்க முடியாது. கீழே படுத்துப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தாங்கிக்கு முத்திரை வைத்தார். ஓட்டுநர் ஆசனத்தின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொன்னார், தீப்பிடித்தால் உருகுமாம். வாங்கிய நாளில் இருந்து அந்த உறையை நாங்கள் கழற்றியதே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மறந்துபோனோம் என்றேன். வாகனத்துக்குள் இறுக்காத பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அடுத்த விதி. முன் தட்டில் பிள்ளையார் இருந்தார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிள்ளையாரை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். என் கணவர் எந்தப் பசையால் ஒட்டினாரோ, பிள்ளையார் இம்மியும் அசையவில்லை. சரி என்று தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு பின்னால் போனார். பெட்டிக்குள் மூடிக் கட்டியிருந்த நீலப் படங்கைத் தூக்கினார். அங்கே அரிசி மூட்டைகள் இருந்தன.

இதை நான் விளக்க வேண்டும். பிக்கப்புகளுக்குப் பின்பக்கம் பாரம் குறைவு. வெறும் பெட்டியோடு போனால் மழையில் பின்சில்லு வழுக்கும். ஒரு மாரியில் சுற்றுவட்டத்தில் பிக்கப் அரைவட்டம் அடித்துத் திரும்பி நின்றது. அன்றைக்கே இவர், வண்டு விழுந்து விற்க முடியாமல் போன அரிசி மூட்டைகளில் நாலைப் பின்சில்லுகளுக்கு மேலே வைத்து, படங்கால் மூடி, கயிற்றால் இழுத்துக் கட்டினார். அன்றில் இருந்து அவை இறங்கவே இல்லை. மரக்கறிப் பெட்டிகளை அவற்றுக்கு மேலேதான் அடுக்குவோம். லண்டனில் தமிழ்க் கடைக்காரர் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அது எங்களுக்குச் சரக்கும் இல்லை, பாரமும் இல்லை. பிக்கப்பின் ஒரு பாகம். மூடியைப் பற்றி இரண்டு நாள் சண்டை பிடித்த எங்கள் இரண்டு பேருக்கும் அரிசி நினைவுக்கே வரவில்லை.

பாரம் வைக்கலாம் என்றார் அந்தப் பெண். ஆனால் இரும்பாக, அடிச்சட்டத்தோடு சேர்த்து ஆணி முறுக்கி இருக்க வேண்டும். கயிற்றில் கட்டியது செல்லாது. சாக்குக் கிழிந்தால் ஓடுபாதை முழுக்க அரிசி, அடுத்ததாக ஓடுகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு மரணம். இறக்கிவிட்டு வந்தால் தகுதி, இறக்காவிட்டால் இல்லை.

என் கணவர் முகம் செத்துப்போனது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அரிசி இல்லாமல் நான் இதை வேகமா ஓட்டினதே இல்லை" என்றார்.

"அப்ப விடுங்கோ. வந்தம், பாத்தம், போவம்."

"அடுத்த முறை எண்டு ஒண்டு எனக்கு இல்லை."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் ஓடக்கூடாது என்று மனதார விரும்பினேன். அவர் ஓடாமல் திரும்பி வந்து கடையில் நிற்பதைப் பார்க்கவும் என்னால் ஏலாது என்று தெரிந்தது. நான் போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். இறுகிப்போயிருந்த முடிச்சு, நகம் உடைந்தது. அவரும் வந்தார். மூட்டைகளை இரண்டு பேருமாக இறக்கிப் புல்லில் வைத்தோம். பின்பக்கம் மேலெழும்பி, பிக்கப் வேறு யாருடையதோ போல நின்றது. அந்தப் பெண் வந்து பார்த்து, கண்ணாடியின் மூலையில் தகுதிச் சீட்டை ஒட்டினார். முதல் தடவை மெதுவாக ஓடிப் பாருங்கள் என்று தானாகவே சொன்னார்.

நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஓட்டத்தில் பாதி தூரத்தில் பிக்கப்பின் பின்பக்கம் துள்ளியது தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் சொன்ன வேகம் எங்கள் மகள் நெடுஞ்சாலையில் போகிற வேகம்தான். திரும்பி வந்து ரயர்க் காற்றைக் கொஞ்சம் மாற்றினார். பக்கத்து ட்ரக்காரர் எட்டிப் பார்த்து, ஸ்டியரிங்கை இறுக்காமல் லேசாகப் பிடியுங்கள், வாகனம் தன் வழிக்குத் தானே போகும் என்றார். இவர் தலையாட்டினார்.

இரண்டாம் ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது நான் கிட்டப் போய் யன்னலால் கையை விட்டு அவர் தோளைத் தொட்டேன். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை நான். தலைக்கவசத்துக்குள் இருந்து, "போட்டு வாறன்" என்றார், சந்தைக்குப் போகிறவர் மாதிரி.

பிக்கப் கிளம்பியது. டீசல் சத்தம் முதலில் இரைச்சலாகவும் பிறகு ஒரே நீளமாகவும் கேட்டது. இந்தத் தடவை பின்பக்கம் துள்ளவில்லை. கோடு பிடித்த மாதிரி நேராகப் போனது. போய்க்கொண்டே சிறிதாகி, வெயிலில் மங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் கரகரப்பு. பிறகு டீசல் ட்ரக், சாதாரண வகுப்பு என்று சொல்லி, நூற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓர் எண்ணைச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் மூட்டையில் இருந்து எழும்பி நின்று, யாரென்று தெரியாத மனிதரிடம் எல்லாம் அது என்னுடைய கணவர் என்று சொன்னேன். அவ்வளவு சந்தோஷம். போனை எடுத்து மகளுக்கு அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவர் பக்கத்துப் பாதையால் மெதுவாகத் திரும்பி வந்து, எனக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சினை நிற்பாட்டினார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் முழுக்க வியர்வை. என்னைப் பார்த்துச் சிரித்தார், சந்தோஷச் சிரிப்புத்தான். பிறகு வாகனத்தின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, காலையில் நான் உட்கார்ந்து வந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நீர் ஓட்டும்" என்றார்.

"இன்னும் ஒரு ஓட்டம் இருக்கெல்லே?"

"போதும். அவையிட்டைச் சொல்லிப்போட்டன்."

"ஏன், பிக்கப்புக்கு ஏதும் பிழையோ?"

"பிக்கப் நல்லா ஓடினது." கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த தகுதிச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். "இஞ்சேரும், இடப்பக்கமும் கூம்பு வச்சிருக்கினமோ?"

அந்த ஓடுபாதையின் இரண்டு பக்கமும், தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும், செம்மஞ்சள் நிறத்தில் முழங்கால் உயரக் கூம்புகள் வைத்திருந்தார்கள். காலையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றைத்தான்.

"ஓம்" என்றேன். "வச்சிருக்கினம்."

அவர் தலையாட்டினார். விடியப்புறம் லண்டனில் இருந்து அத்தனை தெருக்களையும் கடந்து என்னை அங்கே கொண்டுவந்தவர் அவர்தான், நான் பக்கத்தில் நித்திரை கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. பிக்கப் திறப்பை என் கையில் தந்து, ஆசனத்தை முன்னுக்கு இழுக்கிற பிடி எங்கே இருக்கிறது என்று காட்டினார். புல்லில் கிடந்த அரிசி மூட்டைகளை ஏற்றிக் கட்டிவிட்டு, வீடு வரைக்கும் நான் ஓட்டினேன். வழியில் அவர் ஒரு பிழையும் பிடிக்கவில்லை.

பனிக்காலப் பரிசோதனை வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை, நான் ஓட்ட இரண்டு பேருமாகச் சந்தையால் வந்து மரக்கறியை இறக்கி முடிந்ததும், சேட்டுப் பையில் இருந்து லைசென்ஸை எடுத்து ஓர் உறைக்குள் வைத்தார். வைத்துவிட்டு, மேலே திணைக்களத்தின் முகவரியை எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார்.